கீழ்ப்பாதையில் போட்ட கிளை

தலைமை நாற்காலியில் அமர்ந்து, இந்தச் சுரேஸ் பேச்சை நீட்டிவிடுவானோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கோயில் கமிட்டித் தலைவர், பெரியவர் ரெங்கசாமி ஐயா அவர்களே, மேடைக்கு மெருகு சேர்த்து வீற்றிருக்கும் மூத்தோர்களே, ஹாலிஎலயிலிருந்து தன் வேனில் விருந்தினரை ஏற்றி வந்து நம் மலையை நாடறியச் செய்த ஹபீஸ் நானா அவர்களே, கொழுந்துச் சாக்கை இறக்கிய கையோடு, குளிக்கவும் நேரமின்றி வந்து தரையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, கதவோரம் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே, களைத்து வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும், உங்களைப் போலவே களைத்து நிற்கும் காத்தாடிக்கல் மலைநடை மன்றத்தின் செயலாளன் வணக்கம் சொல்கிறேன்.

பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டப் பிடித்துப் பேசுகிறேன். நேற்று ராத்திரி முழுக்கத் தேயிலை ஆலையில் வேலை. கால் கடுக்கிறது, குரல் கம்முகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன இல்லை நம் காத்தாடிக்கல்லில்? விடியலில் எழுந்து உச்சிப் பாறையில் ஏறி நின்றால், ஹல்துமுல்லைக்குக் கீழே விரிந்து கிடக்கும் சமவெளி தெரியாதா? வானம் வெளுத்த நாளில் அதன் விளிம்பிலே கடல் மின்னாதா? கூடாரம் அடிக்கப் பைனஸ் மரக்காடு உண்டு, குளித்துக் களிக்கக் குளிர்ந்த ஓடை உண்டு, குளித்தவர் காலைக் கவ்வ அட்டையும் உண்டு. சிரிக்காதீர்கள், அந்த அட்டையையும் ஆசை ஆசையாகப் படம் பிடித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். மலையும் மஞ்சும் மரகதக் கொழுந்தும் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாம் பார்த்தோமா? வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு நேரத்தோடு போய்ப் பெயர் கொடுக்கும் அவசரத்தில் நமக்கு மலையாவது மஞ்சாவது. ஏறினோம், இறங்கினோம், முதுகு வலித்தது, தூங்கினோம்.

இந்த மலையைப் பார்க்க ஆள் வரும் என்று முதலில் சொன்னது யார்? நம் மேல் லயத்து வீட்டு நிரஞ்சலா. கொழும்பில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கி, "இனி அங்க போக மாட்டேன், நம்ம மலையிலேயே பொழைச்சுக்கிறேன்" என்று திரும்பி வந்த பிள்ளை. அவள் சொன்னபோது நாம் என்ன செய்தோம்? கேலி செய்தோம். "கல்லையும் மண்ணையும் பார்க்க எவன் வருவான்" என்றோம். வந்தார்கள். வந்தவர்களை அவள் அழைத்துப் போனாள். மூச்சு வாங்கியவரை உட்கார வைத்தாள், வழுக்கிய இடத்தில் கை கொடுத்தாள், ஒவ்வொரு பாறைக்கும் பெயர் சொன்னாள். இந்த மன்றம் பிறந்ததே அவள் நடந்த நடையில்தான்.

அந்தப் பிள்ளையை வழிகாட்டி வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்பது இன்றைய தீர்மானம். ஹபீஸ் நானா முன்மொழிந்துவிட்டார். வழிமொழியத்தான் என்னை எழுப்பிவிட்டிருக்கிறார் தலைவர். நிறைவேறினால் திங்கட்கிழமை அவள் கொழும்பு பஸ் ஏறுவாள். பெட்டி கட்டியாகிவிட்டது என்று அவள் அம்மா காலையில் என்னிடம் சொல்லி அழுதார்.

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை சொல்லியாக வேண்டும். ஹபீஸ் நானாவின் வேனில் அனுஷனும் அவர் தங்கை ஆர்த்திகாவும் மலையேற வந்தார்கள். மழையில் கீழ்ப்பாதை சரிந்து பாதாளமாகக் கிடந்தது, மேல்பாதை மட்டுமே மிச்சம். பாதை பிரியும் முச்சந்திக்கு வந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. நிரஞ்சலா அவர்களைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் உட்கார வைத்து, "நான் மேல்பாதை எப்பிடி இருக்குன்னு பார்த்துட்டு வர்றேன், எந்திரிக்காதீங்க" என்று சொல்லிப் போனாள். அவர்கள் பொறுமை இழந்து எழுந்து நடந்தார்கள். கீழ்ப்பாதையில் போனார்கள். அனுஷன் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கடவுள் புண்ணியத்தில் இன்று கோலூன்றி நடக்கிறார்.

அவள் மேல் குற்றம் என்ன? கீழ்ப்பாதை ஆபத்து என்று அடையாளம் வைக்கவில்லை என்பது. அவள் என்ன சொன்னாள்? "பச்சைக் கிளை ஒடிச்சுக் குறுக்கால போட்டுட்டுத்தாங்க போனேன்" என்றாள். பாதை மூடியிருக்கிறது என்றால் குறுக்கே கிளை போடுவது நம் வழக்கம்தானே, தாய்மார்களே? எந்த ஊராருக்கும் சொல்லாமலே விளங்குகிற அடையாளம் அல்லவா அது? ஆனால் விசாரிக்கப் போனவர்கள் அங்கே கிளையைக் காணவில்லை. பிள்ளை பொய் சொல்கிறாள் என்று எழுதி முடித்தார்கள். ஹபீஸ் நானா மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் வேனில் வந்தவர் விழுந்து கிடந்ததைப் பார்த்த மனுஷன், காணாத கிளையை எப்படி நம்புவார்?

போட்ட கிளை எங்கே போனது? காற்றடித்ததா? மாடு இழுத்ததா? மண் விழுங்கியதா? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. லயம் லயமாக, வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் தேத்தண்ணி கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. கடைசியில் ஓர் அக்கா அடுப்படியில் உட்கார வைத்து என்னிடம் உண்மையைச் சொன்னார்.

அன்று அந்த முச்சந்தியில் நம் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பனிக்குள்ளே பூட்ஸ் சத்தம் கேட்டது, இங்கிலீஷ் பேச்சு கேட்டது. தோட்டத் துரையின் பங்களா விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நினைத்தார்கள். நினைத்ததும் என்ன செய்தார்கள்? நீங்களும் நானும் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தார்கள். பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கி, தண்ணீர் ஓடும் அந்தப் பள்ளத்தில் தலை குனிந்து நின்றார்கள். துரைமார் நடக்கிற பாதையில் கிளை கிடக்கலாமா? ஒரு கை குனிந்து அதை எடுத்து ஓரமாய்ப் போட்டது. "கை தானாப் போயிருச்சு தம்பி. எடுத்து ஓரமாப் போட்ட பெறகுதான் ஐயோ பாதை இல்லியேன்னு நெனப்பு வந்துச்சு. ஆனா தொரை சொல்லித்தானே அனுப்பியிருப்பாரு, நாம என்னத்தச் சொல்றதுன்னு வாயைப் பொத்திக்கிட்டோம்." அந்த அக்காவின் வார்த்தைகள் இவை.

இங்கிலீஷ் பேசினாலும் அந்த இரண்டு பேரும் தமிழ்ப் பிள்ளைகள். ஒரு வார்த்தை, "அங்கிட்டுப் போகாதீங்க" என்ற ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் நின்றிருப்பார்கள்.

யார் சொல்லிக் கொடுத்த பாடம் இது? குதிரையில் வந்தவர்களுக்காக இறங்கி நின்றோம், காரில் வந்தவர்களுக்காக இறங்கி நின்றோம், இப்போது முதுகில் பை மாட்டி வருகிறவர்களுக்கும் இறங்கி நிற்கிறோம். துரை மாறினார், துரையின் தேசம் மாறியது, கம்பனி மாறியது. கானுக்குள் இறங்கும் நம் கால் மட்டும் மாறவில்லை. பாதை வெட்டியது நம் பாட்டன். பாதையில் நிற்கப் பயப்படுவது நாம். நினைத்தால் எனக்கு நெஞ்சு கசக்கிறது. கோபப்படக்கூடத் தெம்பில்லை, அவ்வளவு அலுப்பாக இருக்கிறது.

என்ன தம்பி, "யாரு அந்த அக்கா, பேரைச் சொல்லு" என்கிறாயா? சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேலை போய்விடும் என்று அவர் பயப்படுகிறார், அந்தப் பயம் எனக்கும் தெரியும். அந்தக் கையை நான் குற்றம் சொல்லவும் இல்லை. அலறல் கேட்டதும் முதலில் ஓடியது யார்? சரிவில் இறங்கி, கொழுந்துச் சாக்கைத் தூளியாகக் கட்டி, அனுஷனைச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டு வந்ததும் அதே கைதான். நல்ல மனசு செய்த பிழை இது. ஆனால் அந்தப் பிழையை இன்று வேறொரு பிள்ளை சுமக்கிறாள். சாட்சி சொல்ல ஆள் இல்லாததால் சுமக்கிறாள்.

தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழிய மாட்டேன். நான் சொன்னால் அது கேள்விப்பட்ட கதை, அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. கண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். தாய்மார்களே, துரைக்கு முன்னால் வாய் மூடினோம், சரி. இங்கே துரை யார்? இது நம் கோயில் மண்டபம், நம் பாய், நம் மைக். இங்கேயும் தலை குனிந்தால், அந்தப் பிள்ளையை நாமே பஸ் ஏற்றிவிடுகிறோம் என்றுதான் பொருள். உங்கள் வேலைக்கு ஏதாவது ஆபத்து வந்தால், ஆலையும் மலையும் சேர்ந்து கங்காணியிடம் போய் நிற்போம். முதல் ஆளாக நான் வருகிறேன். யார் வருகிறீர்கள் என்னோடு? கை தூக்குங்கள். ஹபீஸ் நானா, உங்கள் கையுமா? நன்றி நானா.

அங்கே யார் எழுந்திருப்பது? இராக்கம்மா அக்காவா?

யாரும் சேலையைப் பிடித்து இழுக்காதீர்கள். விடுங்கள், அவர் வரட்டும். நிரஞ்சலா, நீயும் கதவுக்கு வெளியே நிற்காமல் உள்ளே வாம்மா.

அவையோரே, அலுத்த உடம்போடு வந்து அமர்ந்து, அலுத்தவன் பேச்சைக் கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. எனக்குத் தந்த நேரத்தில் மிச்சம் இருப்பது இனி சாட்சி சொல்ல வரும் இந்த அக்காவுக்கு. எல்லோருக்கும் என் வணக்கம்.

வாங்கக்கா. நடுவால நடந்து வாங்க, யாருக்கும் ஒதுங்க வேணாம்.