இரும்புக்குள் மண்

"…இரும்புக்குள்ள மண் தேடுறாள் என்ர மகள். அது கிடைக்கோணும் எண்டு அந்தோனியாருக்கு நேந்திருக்கிறன்."

அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த நீலக் கோட்டு அம்மா சொன்னார். இப்படியொரு கதை காதில் விழுந்தால் புத்தகம் எப்படி வாசிப்பது? மூடிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த சிநேகிதிக்குச் சிரிப்பு. "எடியே, எல்லாரும் மண்ணுக்குள்ள இரும்பைத் தேடுவினம். உவள் என்ன தலைகீழாய்?"

"உது அருமண், இங்கிலீசில 'ரெயர் ஏர்த்' எண்டுவினம். கார் மோட்டர் காந்தத்துக்குப் போடுறது. வடக்கில ஒரு பழைய இரும்புச் சுரங்கத்தில பாக்கினம். இண்டைக்கு லாப் ரிசல்ட் வருது. இல்லையெண்டு வந்தால் எல்லாத்தையும் மூடிப்போடுவினம். அந்தக் குளிருக்குள்ள நிண்டு கல்லுப் பொறுக்கின பிள்ளையடி."

"அதுசரி, அந்தோனியார் தொலைஞ்ச சாமானைத்தானே எடுத்துத் தாறவர்? உதை ஆர் தொலைச்சது?"

நீலக் கோட்டு அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"முந்தின கொம்பனிக்காரர்தான்! இரும்பை எடுத்துப்போட்டு மிச்சக் கல்லை எறிஞ்சுபோட்டுப் போட்டினம். எறிஞ்ச குவியலுக்குள்ளதான் உது கிடக்குமாம்."

"அப்ப சரி. அவற்ற கேஸ்தான்."

அந்த நேரம் போன் அடித்தது.

"ஓம் பிள்ளை… சொல்லு… இருக்கோ? வடிவாய்ப் பாத்தவையோ? கன இடத்தில இருக்கோ?"

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, பஸ் முழுவதற்கும் கேட்க ஆங்கிலத்தில் அறிவித்தார்:

"எவ்ரிபடி! மை டோட்டர் ஃபவுண்ட் த ஏர்த்!"