மெட்ராஸுக்குப் போன கழனிகள்

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்த வருஷம். புத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“எங்க ஏரி ஆந்திராவுல நின்னுபோச்சி. அது பாயிற கயனியெல்லாம் மெட்ராஸுக்குப் போயிடுச்சி.”

“அப்போ கால்வாய யாரு தூர் வார்றது?” என்றாள் மற்றவள்.

“அத்தான் சண்ட. ‘அவங்க தண்ணிக்கு நாம ஏன் வாரணும்’னு எங்கூரு ஆம்பளைங்க குந்திக்கினாங்க. அந்தப் பக்கம் வாக்கப்பட்ட எங்கக்கா பயிரு காயுது. நானும் என் ஓரகத்தியும் மம்முட்டிய எடுத்துக்கினு எறங்கிட்டோம். அந்தப் பக்கத்துப் பொம்பளைங்களும் கூடையோட வந்தாங்க.”

“ஆம்பளைங்க?”

“பாத்துக்கினே இருந்தாங்க. அப்புறம் வெக்கப்பட்டு வந்தாங்க. நேத்து கடைசி கயனி வரிக்கும் தண்ணி போச்சி.”



“எங்கூரு கால்வாயும் அடஞ்சிதான் கீது,” என்றாள் மற்றவள். “எங்கிட்ட மம்முட்டி கீது. நீ எப்போ வர்ற?”