லிஃபோகோ வாசலில் ஒரு குழி

பெருமைக்குரிய தலைவர் பொட்டோகோ அவர்களே, பெண் கொடுக்கும் பெரியவர்களே, பெண் எடுக்கும் பெருமக்களே, மனத்தை மீன்சட்டியில் விட்டுவிட்டு முகத்தை மட்டும் மேடைக்குத் தந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பந்தல் முகப்பைப் பார்த்தீர்களா? ஆளைவிட உயர்ந்த இரும்பு. ஈட்டிமுனையின் வடிவம். எறிய முடியாது. எவரையும் குத்தாது. நிற்பதுதான் அதன் வேலை. செல்வத்தின் வேலையும் அதுதானே? நம் லிகண்டா! என் மாமா லிக்கெங்காவின் மகளுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீட்டார் தேடிப்பிடித்து நட்டிருக்கிறார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பாதியில் கை நின்றுவிட்டது.

என் அம்மாவுக்காக அப்பா வீட்டார் தந்ததும் ஒரு லிகண்டா. அதைக் கொடுத்துத்தான் மாமா, போலும்பு அத்தையைக் கட்டினார். அத்தையின் தந்தை லிஃபோகோ அதை வாசலில் நட்டார். மணல் போட்டுத் தேய்த்தார். படகில் போகிறவர்கள் துடுப்பை நிறுத்திப் பார்ப்பார்கள். "பாத்துக்குங்கப்பா, என் பொண்ணு மதிப்பு!" என்பார்.

பிறகு ஒரு மழைக்காலம். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீங்கிய முகத்தோடு அம்மா மாமா வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே பெரியப்பா வந்தார்.

"பொண்ணை அனுப்பு. இல்லேன்னா இரும்பைக் குடு."

இரும்பு எங்கே? லிஃபோகோ வாசலில். கேட்டால் மாமாவின் மணம் முறியும். கேட்காவிட்டால் அம்மா அடிக்குத் திரும்ப வேண்டும். மாமா தலைகுனிந்தார். அம்மா மூட்டை கட்டினாள்.

அத்தை எழுந்தாள். தந்தை வாசலுக்குப் போனாள்.

"அப்பா, இரும்பை எடுத்துக்கறேன்."

"எடுத்தா நீ அவன் பொண்டாட்டி இல்லடி. இங்க வந்துடணும்."

"வரமாட்டேன். அவரோடதான் இருப்பேன்."

"பரிசம் இல்லாம சும்மா போனவள்னு ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும், அவங்க பல்லு. எனக்கு என் நாத்தனார் வேணும். அந்தப் பக்கம் பிடிங்கப்பா, கனக்குது."

பிடித்தார்! பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, அவர் அழுதுகொண்டேதான் பிடித்தார்.

இரும்பு அப்பா வீட்டுக்குப் போனது. அம்மா தங்கினாள். நான் வளர்ந்தேன். அத்தையும் எங்கும் போகவில்லை.

லிஃபோகோ வாசலில் குழி எஞ்சியது. அவர் மூடவில்லை. மழைநீர் நிற்கும். வானம் தெரியும். குழியின் கரை சரிந்தால் சரிசெய்வார். படகுக்காரர்கள் சீண்டுவார்கள்: "என்னய்யா, இரும்பு எங்க?"

நிமிர்ந்து சொல்வார்: "என் பொண்ணு பிடுங்கிட்டுப் போயிட்டா. உங்க வீட்ல எவளுக்காவது அந்தத் தெம்பு இருக்கா?"

எது செல்வம், பெரியோர்களே? நின்ற இரும்பா? அது நீங்கிய இடமா?

மாமா, இன்று வந்த இந்த இரும்பை உங்கள் வாசலில் நடுவீர்கள். நடுங்கள். நதி பார்க்கட்டும், நாடு பார்க்கட்டும். ஆனால் ஆழமாக நடாதீர்கள். ஒரு பெண் தனியாக வந்தாலும் பிடுங்க முடிய வேண்டும்.

கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. ஆறிப்போன மீனுக்கு மன்னிப்பு. மணமக்களுக்கு வாழ்த்து. முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் அத்தையே, உங்கள் கைகளுக்கு என் வணக்கம்.