கத்தரிப்பூ நிறக் கார் ஏலத்துக்கு வருகிறது

தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும் நாகமுத்து அவர்களே, நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் கடல் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பழைய கார்களைத் தேடிச் சேர்க்கும் கொழும்பு நண்பர்களே, தில்லைநாதனின் வணக்கம். மேடை எனக்குப் பழக்கமில்லை. தடுமாறிவிடுவேனோ என்று தாளில் எழுதி வந்திருக்கிறேன்:

1. இந்தக் கார் ஏன் அரியது.
2. இதை ஏன் விற்கிறோம்.
3. இதன் மதிப்பு எவரால் கெட்டது.

முதலாவது. பத்து இலட்சமாவது மொறிஸ் மைனரைக் கொண்டாடக் கம்பனி ஏறக்குறைய முந்நூற்றைம்பது கார்களை மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் செய்தது. அவற்றிலொன்று அறுபத்தொன்றில் ஊர்காவற்றுறைக்கு, என் வீட்டுக்கு வந்தது. என்ன நிறம்! என்ன நேர்த்தி! முதன்முறை ஏறியபோது என் மனைவி செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். சிரிக்காதேயும் பரிமளம், உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்?

இரண்டாவது. நெடுந்தீவு நோயாளியைக் கரைசேர்ப்பது எது? நம் ஊர்ப் படகோட்டி எமிலியானுசின் படகு. பிரசவ வலியில் துடிப்பவளைக் கொண்டுவருவது எது? எமிலியானுசின் படகு. அதன் எஞ்சின் இன்று செத்துக் கிடக்கிறது. போன மாதம் செபஸ்தியம்மா பாய்வள்ளத்தில், நடுக்கடலில் பிள்ளை பெற்றாள். தாயும் சேயும் இதோ முன்வரிசையில் சுகமாக இருக்கிறார்கள். காற்று இன்னொரு தரம் இரங்குமா? கடல் இன்னொரு தரம் காத்திருக்குமா? எனக்கோ கண் மங்கிவிட்டது. ஆகவே புது எஞ்சினுக்காகக் காரை ஊருக்குக் கொடுத்தேன்.

மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எழுபத்திரண்டில் கண் வைத்தியத்துக்குக் கொழும்பு போனபோது, காரை எமிலியானுசின் கடற்கரை மீன்வாடியில் விட்டேன். மூன்று மாதத்தால் வந்து பார்த்தால், படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்ற்! கூரையிலும் நீலம், கதவிலும் நீலம்! இந்த ஏழு ஆண்டும் அவரோடு நான் கதைக்கவில்லை. அவர் படகுக்குக் கார் கொடுத்தேன். அவருக்கு ஒரு வணக்கம் கொடுக்கவில்லை. நிறம் போனால் அருமையும் போயிற்று. வாங்குவோரை ஏமாற்றக்கூடாதென்று, தொடக்க விலையில் மூன்றிலொரு பங்கைக் குறைக்கும்படி தலைவருக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த விலைக்கு எஞ்சின் வராது என்பதும் தெரியும்.

என்ன எமிலியானுஸ், எழும்பி நிற்கிறீர்? சொல்லும்.

“ஐயா, அந்த மாரியிலை உப்புக்காத்து காரைத் தின்னத் துவங்கிற்று. வள்ளத்துக்குப் பூசுற மாதிரிச் சுறா நெய் தடவி, அதுக்கு மேலைதான் நீலம் அடிச்சனான். நெய்யிலை பெயின்ற் இறுகப் பிடியாது, தேய்ச்சா உரியும். நீங்கள் வந்தோடனை உரிச்சுத் தர இருந்தனான்.”

ஏன் எமிலியானுஸ், இதை அப்போதே சொல்லவில்லை?

“நீங்கள் என்னைக் கதைக்க விட்டனீங்களே?”

சபையோர் சிரிக்கலாம், சிரிக்க வேண்டியதுதான்.

“உரிச்சுக் காட்டும் தம்பி!” என்கிறாள் பரிமளம். சற்றுப் பொறுங்கள். வாசலில் நிற்கும் காரின் கதவைப் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்க்கிறார். நீலம் செதில் செதிலாக விழுகிறது போலிருக்கிறது. எனக்கு எல்லாம் ஒரே மங்கல். பரிமளம், கிட்டப் போய்ப் பாரும். என்ன நிறம்?

“இஞ்சாருங்கோ, கத்தரிப்பூ! அப்பிடியே கிடக்கு!”

தலைவர் அவர்களே, குறைத்த விலையை வெட்டிவிட்டு முழு விலையை எழுதுங்கள். கொழும்பு நண்பர்களே, கை உயர்த்தத் தயாராகுங்கள். பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும் என் நன்றி. எமிலியானுஸ், ஏழு ஆண்டாகத் தராத வணக்கம் முழுவதும் இதோ, உமக்கு. என் மூன்றாவது பொருள் பிழை.