சீருக்குப் பெரிய கேபினட்

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்காம். பொட்டிதான் இடுப்பு உயரத்துக்கு இல்லையாம்."

தொண்ணூறுகளில் ஒரு நாள், மடவார் வளாகம் ஸ்டாப்பில் ராஜபாளையம் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்ததும் அந்தம்மா தன் கணவரிடம் இப்படித்தான் ஆரம்பித்தார். கணவர் மடியில் கம்ப்யூட்டரின் பாகங்கள் அடங்கிய பெட்டி, ஒரு சின்ன கேபினட், துண்டு சுற்றி இருந்தது.

"மண்டபத்துல சீர் வைக்கும்போது பீரோ பக்கத்துல இது கண்ணுக்கே தெரியாதுன்னு சம்பந்தியம்மா சொல்லுதாவ. பெரிய டவர் பொட்டியா, முன்னால கதவு வச்சதா வேணுமாம். கடையில மாத்திருவோம்."

"ஏட்டி, இதை எடுத்தது நம்ம பிள்ளைல்லா. பொட்டிக்குப் போடுற காசை உள்ள இருக்க சாமானுக்குப் போடுவோம்னு பார்த்துப் பார்த்து எடுத்தா. கல்யாணத்துக்குப் பொறவு வீட்டுலயே இதுல வேலை செய்யணும்னு அவளுக்கு அம்புட்டு ஆசை."

"அவ அதைத் தொடவே கூடாதாம். மருமக மிஷின் முன்னால உக்காந்துட்டா அடுப்படியை யாரு பார்க்கதுன்னு கேக்காவ."

"அப்ப அங்க அதை யாருதான் போடுவா?"

"யாரும் போட மாட்டாவ. ஹால்ல துணி போட்டு மூடி வைப்பாவளாம், வாரவ போறவ பார்க்க."

கணவர் துண்டை இறுக்கிக் கட்டினார்.

"அப்ப வெறும் டவரை வாங்கி அனுப்புவோம். உள்ள இருக்க சாமானெல்லாம் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

"இருந்து? அதுல வேலை செய்ய யாரு இருக்கா? பிள்ளையத்தான் அங்க அனுப்புதோமே."