பதினேழாம் குடும்பத்துச் செம்பனைகளும் முனைவர் உஷாராணி கமலநாதன் அவர்களும்

செம்பனையின் நலனைச் சிந்தையில் சுமந்த சீர்மிகு அறிஞரே! நோயின் வேரைத் தேடி நெடுவழி நடந்த நுண்ணறிவாளரே! புகழ்மொழி கேட்டால் புருவம் நெரிக்கும் பண்பின் பெட்டகமே!

எங்கள் செம்பனை மரபணு ஆய்வுப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் வீற்றிருந்தீர்கள் என்று எழுதத்தான் ஆசைப்பட்டோம். ஆனால் நீங்கள் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. நாற்றுமேடையில் நின்றீர்கள், தோட்டத்தில் நடந்தீர்கள், நுண்ணோக்கியின்மேல் குனிந்தீர்கள். உங்கள் நாற்காலி இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது. பூச்சோங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும் உங்கள் பணி ஓய்வு விழாவுக்காக இன்று இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்திற்குத் திரண்டு வந்திருக்கும் நாங்கள், வாழையிலை போடுவதற்குள் படித்து முடிக்குமாறு மேலாளர் விஜயன் எச்சரித்திருப்பதையும் மீறி, சற்று நீளமாகவே உங்களை வாழ்த்தப் போகிறோம்.

கடலோரத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு அந்த நோயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாத உறவினர்களுக்காகச் சொல்கிறோம். மண்ணில் பதுங்கியிருக்கும் ஒரு காளான், வேர்வழியே ஏறி, எண்ணெய் தரும் செம்பனையின் அடித்தண்டை உள்ளுக்குள்ளேயே அழுக வைக்கிறது. வெளியே மரம் பச்சையாகவே நிற்கும். மட்டைகள் தளர்ந்து தொங்கி, அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கும்போது, உள்ளே பாதி மரம் போயிருக்கும். அதைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே, அந்தக் காளானைத் தானாகவே தாங்கி நிற்கக்கூடிய மரத்தை உருவாக்கப் புறப்பட்டீர்கள்.

அந்தப் பாதை எத்தகையது என்பதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் மலைப்புத்தான். ரப்பர் மரக்கட்டையில் காளானை வளர்த்து, அந்தக் கட்டையின் மேலேயே செம்பனைக் கன்றை நடுவது உங்கள் சோதனை. பெரும்பாலான கன்றுகள் செத்துப்போகும். சாகாதவை எந்தத் தாய்மரத்திற்கும் எந்தத் தந்தைமரத்திற்கும் பிறந்த குடும்பம் என்று பார்த்து, நல்ல குடும்பங்களை ஒன்றோடொன்று கலந்து, பிறந்த பிள்ளைகளை மறுபடியும் காளானுக்கே கொடுப்பீர்கள். இந்த நோயை எதிர்க்கும் திறனை ஒரே ஒரு மரபணு தருவதில்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தோள் கொடுக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரே குடும்பத்தில் கூட்டிச் சேர்க்க ஒரு மனிதரின் பணிக்காலம் போதாது என்று தெரிந்தே தொடங்கினீர்கள். இத்தனை கன்றுகளைச் சாகவிட்டும் பதவி உயர்வு வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான் என்று நாங்கள் கேலி செய்ததுண்டு, நீங்களும் சிரித்ததுண்டு.

எதையும் சோதிக்காமல் ஏற்காத ஏந்தலே! கிள்ளானில் ஒரு கடையின் மீன்குழம்பு பிரமாதம் என்று ஆய்வக உதவியாளர் இர்ஃபான் வாய்தவறிச் சொன்னபோது, "எத்தன தடவ சாப்ட்டீங்க? எல்லா நாளும் அதே சமையல்காரர்தானா?" என்று கேட்டவர் நீங்கள். அன்றுமுதல் உங்கள் முன்னால் எவரும் எதையும் பிரமாதம் என்று சொல்வதில்லை. இந்த மடலிலும் அந்தச் சொல்லை இனிப் பயன்படுத்தாமல் இருக்க முயல்கிறோம்.

ஆயினும் ஒரு நாளை மட்டும் அடக்கிச் சொல்ல எங்களால் முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தலைமையகம் கெடு விதித்திருந்தது. அந்தச் சோதனைச் சுற்றில் நல்ல முடிவு வராவிட்டால் நம் பிரிவு மூடப்படும். நாற்றுமேடைப் பெண்கள் தொலைதூரத் தோட்டங்களுக்கு அனுப்பப்படுவார்கள். முடிவு வந்தது. மற்றக் குடும்பங்கள் வாடி விழ, உங்கள் மனத்துக்கு நெருக்கமான பதினேழாம் குடும்பம் மட்டும் ஏறக்குறைய முழுதாகப் பச்சையாய் நின்றது. தலைமையகத்தார் கேக் வாங்கிக்கொண்டு வந்து கூட்ட அறையில் காத்திருந்தார்கள். வாசலில், நாற்றுமேடைப் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர் பஞ்சவர்ணம் பூரிப்போடு உங்கள் கையைப் பிடித்தார்.

"சும்மாவா பொழச்சுச்சு டாக்டர்? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மாரியம்மாள வேண்டிக்கிட்டு மஞ்சத்தண்ணியும் வேப்பெலையும் நாங்கதான் ஊத்துனோம் லா. பதினேழு ஒங்க செல்லப்புள்ளையாச்சே."

"மத்ததுக்கு ஊத்தலையாக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"மத்ததுக்கு எதுக்கு டாக்டர்?" என்றார் அவர்.

அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் நாங்கள் சிலர்தான். நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. பிரிவு பிழைத்திருக்கும், பெயர் வந்திருக்கும், விதை விற்றிருக்கும். நீங்களோ உள்ளே போய், பதினேழாம் குடும்பத்திற்குக் கிடைத்த கவனிப்பு மற்றவற்றிற்குக் கிடைக்கவில்லை, ஆகவே இந்த முடிவு செல்லாது, சோதனை என் பொறுப்பு என்பதால் பிழையும் என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். எவர் பெயரையும் சொல்லவில்லை. கேக் வெட்டப்படாமலே திரும்பிப் போனது.

மறுநாள் இர்ஃபான் பொறுக்கமாட்டாமல் கேட்டார், "மஞ்சத்தண்ணிக்கெல்லாம் காளான் செத்துருமா டாக்டர்? விட்டிருக்கலாமே."

"சாகுமா சாகாதான்னு எனக்குத் தெரியல இர்ஃபான். தெரியாதத தெரிஞ்ச மாதிரி வித்தா, வாங்கி நடுறவங்க பத்து வருஷம் கழிச்சுத்தான் அழுவாங்க. அப்ப நாம அங்க இருக்க மாட்டோம்" என்றீர்கள்.

அறத்தின் வழி அகலாத அம்மையீர்! உங்கள் ஆய்வகம் பாதியாகச் சுருங்கியது. உரமூட்டை வைத்திருந்த அறையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தீர்கள். தலைமையகத்தின் வாசலில் பலமுறை நின்று, இன்னும் ஒரே ஒரு சுற்றுக்கு அனுமதி வாங்கினீர்கள். பஞ்சவர்ணத்தை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நாற்றுமேடைப் பெண்கள் எல்லோரையும் கடலோரத் தோட்டம் ஒன்றுக்கு அழைத்துப்போய், சாய்ந்து கிடந்த மரத்தின் தண்டைப் பிளந்து காட்டினீர்கள். "நர்சரில நாம காப்பாத்துனது இங்க வந்து சாகும்க்கா. அங்கயே சாகட்டும்" என்றீர்கள். பஞ்சவர்ணம் அழுதார். பிறகு வெள்ளிக்கிழமை வேண்டுதலைக் கன்றுகளுக்காகச் செய்யாமல் உங்களுக்காகப் பத்துமலைக் கோயிலில் செய்யத் தொடங்கினார். அதற்கு நீங்கள் மறுப்புச் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றில் பதினேழாம் குடும்பத்திலும் ஏறக்குறைய பாதிக் கன்றுகள் விழுந்தன. ஆனால் வேறெந்தக் குடும்பத்திலும் அத்தனை கன்றுகள் நிற்கவில்லை. முதல் சுற்றின் அதிசயம் அதில் இல்லை. நம்பக்கூடிய முடிவு இருந்தது. பிரிவு பிழைத்தது. அதே தாய்மரத்திற்கும் தந்தைமரத்திற்கும் பிறந்த புதிய கன்றுகளை, நோய் கண்டு அழிந்த பழைய தோட்டத்தின் மண்ணிலேயே நட்டீர்கள். இன்று அவை எங்கள் தலைக்குமேல் வளர்ந்து குலை தள்ளுகின்றன. ஆனால் அந்தக் காளான் அவசரப்படாது. அவை தாங்குமா விழுமா என்பது இனி வரும் ஆண்டுகளில்தான் தெரியும்.

அதனால்தான் ஆலோசகராகவாவது தொடர்ந்து இருங்கள் என்று தலைமையகமே கேட்டது, நாங்களும் கெஞ்சினோம். நீங்கள் மறுத்தீர்கள். உடல்நலம் காரணமாக இருக்குமோ, மனக்குறை ஏதும் இருக்குமோ என்று நாங்கள் பயந்து கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை இந்த மடலில் எழுதாமல் விட முடியவில்லை.

"நான் அங்க நின்னேன்னா நீங்க மரத்தப் பாக்க மாட்டீங்க. என் மொகத்தப் பாத்துத்தான் எண்ணுவீங்க."

அது உண்மை என்று எங்களுக்கே தெரியும். வாழ்நாளெல்லாம் காத்திருந்த விடை கைக்கெட்டும் தூரத்தில் வரும் வேளையில், அந்த விடை கெட்டுவிடக்கூடாது என்பதற்காகவே விலகிப் போகிறவரை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை. உங்களோடு வேலை செய்தோம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எங்களுக்கு உண்டா என்று அன்று எங்களையே கேட்டுக்கொண்டோம்.

அன்பின் உருவே, ஆய்வின் திருவே! இனி அந்த மரங்களை நாங்கள் எண்ணுவோம். பதினேழாம் குடும்பத்து மரம் ஒன்று தளரத் தொடங்கினால், எங்கள் கைகள் துடித்தாலும் அதைத் தொடமாட்டோம். நின்றால் நின்றது என்போம். எல்லாமே விழுந்தால், எல்லாமே விழுந்தன என்று உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்வோம்.

அதைக் கேட்க நீங்கள் இருக்க வேண்டும். நோய்நொடியின்றி, கண்ணும் காதும் தெளிவாக, இன்னும் நெடுங்காலம் இருக்க வேண்டும். இதுவே எங்கள் வேண்டுதல்.

மாறா அன்புடன்,
நாற்றுமேடை, ஆய்வகம், அலுவலகப் பணியாளர்கள்
செம்பனை மரபணு ஆய்வுப் பிரிவு