கற்பனைக் கதைகள் மட்டும்

நூறு சொல்லில் கதை எழுதுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், சார். ஒரே ஒரு வார்த்தையை வெட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

கொரட்டூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வாட்சப்பில் ஒரு கதைக்குழு வைத்திருக்கிறோம். நான்தான் அட்மின். மாதாமாதம் குறுங்கதைப் போட்டி, சும்மா நட்புக்காக. வென்றவர் போட்டோ போட்ட ஒரு சான்றிதழ், அவ்வளவுதான் பரிசு. கதைகள் என் எண்ணுக்குத் தனியாக வரும். பெயரை எடுத்துவிட்டுக் குழுவில் போடுவேன். அம்பத்தூர் நாகவல்லி டீச்சர் படித்துத் தீர்ப்புச் சொல்வார். நூறு சொல்லைத் தாண்டக் கூடாது என்பதைத் தவிர விதி ஒன்றுதான்: கதை கற்பனையாக இருக்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். ஆளாளுக்கு வீட்டுக் கஷ்டத்தைக் கொண்டுவந்து கொட்டினால் அதற்குப் பெயர் எழுத்தா?

நானும் எழுதுவேன். எப்போதும் எனக்கு இரண்டாம் இடம்தான். இந்த முறை கட்டாயம் முதலிடம் என்று இருந்தேன். அப்போதுதான் ஜெயப்பிரியாவின் கதை வந்தது. எங்கள் தெரு வேன் டிரைவர் லோகேஷின் மனைவி. கூடவே குரல் பதிவு ஒன்றும் அனுப்பியிருந்தாள்.

"தினகரண்ணா, பேரு மட்டும் போட்டுடாதீங்க. எங்க ஊட்டுல தெரிஞ்சா அவ்ளோதான்."

போடவில்லை. நான் சொன்ன சொல் தவறாதவன்.

கதை இதுதான். புருஷனிடம் தினமும் அடிவாங்கும் ஒருத்தி, மகளின் சாப்பாட்டுப் பையில் நாளுக்கு ஒரு புடவையாக வைத்து வீட்டைவிட்டுக் கடத்துகிறாள். ஸ்டேஷன் வாசல் பூக்காரம்மா வாங்கிக் கூடைக்கு அடியில் ஒளிக்கிறாள். கடைசிப் புடவையைக் கட்டிக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் ரயிலேறிப் போய்விடுகிறாள்.

'எழுதிய கைக்கு ஒரு கும்பிடு' என்று டீச்சர் முதலிடம் கொடுத்தார். குழு முழுக்கக் கைதட்டல். எனக்கு வழக்கம்போல இரண்டாம் இடம், என் கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபம் வந்தது, சார், மறைக்கவில்லை. ஏனென்றால் காலையில் ரயில் பிடிக்கப் போகும்போது, ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற கன்னியம்மாவிடம் ஜெயப்பிரியா கவர் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். இதில் கற்பனை எங்கே இருக்கிறது? நான் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்து எழுத, இவள் நடப்பதை அப்படியே எழுதிக் கும்பிடு வாங்குவாளா?

ஆனாலும் ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் பழி சொல்லக் கூடாது. அவளைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். அதனால் டீக்கடையில் லோகேஷைப் பார்த்தபோது கேட்டேன்.

"லோகேஷு, ஒரு சின்ன டவுட்டுப்பா. உங்க ஊட்டு பீரோல ஜெயப்பிரியா பொடவைங்க எல்லாம் அப்டியே கீதா?"

"இன்னா அண்ணாத்தே, காலங்காத்தால பொடவைய கேக்குற?"

போனை நீட்டினேன். உதடு அசைய மெதுவாகப் படித்தான். திரும்ப ஒருமுறை படித்தான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். "பீரோ காலி அண்ணாத்தே." பின்னால் ஜெயப்பிரியா என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது என்று சாயங்காலம்தான் தெரிந்தது. குழுவில் எல்லாரும் இரங்கல் போட்டார்கள், நானும் போட்டேன். அந்த நேரத்தில் போட்டி விஷயம் பேசுவது நாகரிகமில்லை என்று மறுநாள்வரை பொறுத்திருந்தேன். பிறகுதான் அறிவித்தேன்: முதலிடம் பெற்ற கதை நடந்த சம்பவம் என்பது உறுதியானதால் நீக்கப்படுகிறது, அடுத்த கதை முதலிடம் பெறுகிறது. அது என்னுடையதாக இருந்தது தற்செயல். நாகவல்லி டீச்சர் போன் செய்து, "மனுசனாடா நீ?" என்று கத்திவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டார். விதி என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று அவராவது யோசித்திருக்கலாம்.

லோகேஷ் கை நீட்டுகிறவன் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். அவள் கதையில் அப்படித்தான் எழுதியிருந்தாள். ஆனால் ஒரு கதையில் எழுதியிருப்பதை எல்லாம் நிஜம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா, சார்?